கேபினெட்டோடு வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமா?

பாலக்கோட்டான்: 45,000 ரூபாய்க்குள் கேமிங் கணினி கேட்ட கிருஷ்ணகிரித் தம்பிக்கு, "கேபினெட்டோடு வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும், மிச்சப் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடு" என்று ஓசூர் நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டா எழுதினீர்கள்? என் மேசையில் கிடக்கும் ஒன்றில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. பெருக்கினால் 192 வாட், 12 வோல்ட்டில் அவ்வளவுதான் கிடைக்கும். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டை நம்பித்தான் ஓடுகின்றன. தம்பி கேட்கும் ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், ஐ3 12100எஃப் பிராசசர் உச்சத்தில் ஓடினால் 89 வாட், ஆக 221. மிச்சத்துக்கு எங்கே போவது?

ஓசூர்க்காரன்: 450 என்று போட்டிருந்தால் 450தான். ஊரடங்குக் காலத்தில் வாங்கிய என் கணினி கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில்தான் இன்றுவரை ஓடுகிறது, ஒருநாளும் அணைந்ததில்லை. நீங்கள் தூக்கிப் பிடிக்கும் 80 பிளஸ் (80 விழுக்காட்டுத் திறனுக்கான முத்திரை) வகையில் 450 வாட்டுக்கு 80 விழுக்காடு, அதாவது 360 வாட்தான் கிடைக்கும். இதற்காக ஏழைப் பையனின் பணத்தை வீணாக்கச் சொல்கிறீர்களா?

பாலக்கோட்டான்: தெரியாததைத் துணிந்து எழுதுவதில் உங்களை வெல்ல ஆளில்லை. 80 பிளஸ் முத்திரை இருந்தால் 450 வாட்டும் முழுதாகக் கிடைக்கும். அதைத் தருவதற்குச் சுவரிலிருந்து ஏறத்தாழ 560 வாட் இழுக்கும், அவ்வளவுதான். உங்கள் கார்டு ஜிடிஎக்ஸ் 1650 என்று போன மாதம் நீங்களே பெருமையாக எழுதியிருந்தீர்கள். அது 75 வாட் கார்டு, மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு ஆர்எக்ஸ் 6600-க்குத் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?

ஓசூர்க்காரன்: என் கார்டைப் பற்றி இங்கே யார் கேட்டது? முன்பு நடந்த மானிட்டர் விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் போனதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 450 என்றால் 450தான்.

அரூரான்: இருவரும் எஸ்எம்பிஎஸ்ஸையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கணினிப் பாகக் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. சாலையில் வாங்கினால் விலை குறையுமே, அந்தப் பணத்தில் எஸ்எம்பிஎஸ், கார்டு இரண்டும் நல்லதாகவே கிடைக்காதா?

பாலக்கோட்டான்: வாரன்டிக்கு ஒவ்வொரு முறையும் பெங்களூருக்குப் பேருந்து ஏறுவது நீங்களா? தருமபுரிக் கடையில் சற்றுக் கூடக் கொடுத்தாலும் கெட்டுப்போனதை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அரூரான்: உள்ளூர்க் கடைக்காரர் உங்களுக்கு உறவுபோல் இருக்கிறது.

பாலக்கோட்டான்: உறவும் இல்லை, பங்கும் இல்லை, பேச்சை மாற்றாதீர்கள். எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் வந்து கிணற்று மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கினால் வீட்டு விளக்கே மங்குகிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் மலிவான எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில் வெடித்தால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிவிட்டு, கேபினெட்டை எளிமையானதாக எடுத்து, ஆர்ஜிபி வண்ண விளக்குகளை விட்டுவிட்டாலே பட்ஜெட் பெரிதாக இடிக்காது.

ஓசூர்க்காரன்: ஓசூரில் விளக்கு மங்குவதில்லை. உங்கள் ஊர் மின்சாரத்துக்கு என் எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

பாலக்கோட்டான்: அப்படியானால் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் சீட்டைப் படமெடுத்து இங்கே போடுங்கள், 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

ஓசூர்க்காரன்: நீங்கள் கேட்டதற்கெல்லாம் கேபினெட்டைக் கழற்ற நான் உங்கள் வேலைக்காரன் இல்லை. பெட்டியின் மேலேயே 450 என்று பெரிய எழுத்தில் இருக்கிறது.

பாலக்கோட்டான்: பெரிய எழுத்தை விடுங்கள், சிறிய எழுத்தைப் படியுங்கள். கார்டுக்கான 8 பின் வயராவது அதில் இருக்கிறதா? மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் வயரில் கன்வெர்ட்டர் மாட்டித்தான் ஓட்ட வேண்டுமென்றால், அந்த யோசனையைத் தம்பிக்குச் சொன்னவர் என்று உங்கள் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.