தர்ஷினிக்கு உப்சியில் இடம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாள்

குழு: முனியம்மா பாட்டி குடும்பம், பேராங் (மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தஞ்சோங் மாலிமுக்கு அருகில்)

குழுவில்: தர்ஷினி, அவள் அம்மா கலா, தம்பி கிஷன்; கலாவின் உடன்பிறந்தவர்கள் குமார், ரவி, செல்வி; குமாரின் மகள் காயத்திரி, உப்சியில் படித்து ஆசிரியரானவள்.

திங்கள், மதியம் 12:40

தர்ஷினி: எல்லாருக்கும் வணக்கம். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியு முடிவு வந்துவிட்டது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் (உப்சி), தமிழ்மொழிக் கல்வி, இளங்கலைப் பட்டம். எனக்கு இடம் கிடைத்திருக்கிறது.

செல்வி: என் தங்கமே! கடையில் நிற்கிறேன், கை நடுங்குகிறது. பாட்டிக்குச் சொன்னாயா?

தர்ஷினி: தூங்குகிறார் சித்தி. எழுந்ததும் சொல்கிறேன்.

ரவி: வாழ்த்துகள்மா. எஸ்டிபிஎம் தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து இதற்காகத்தானே காத்திருந்தோம்.

கலா: எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மனம் முழுதாக ஒப்பவில்லை. பேராங்கில் பிறந்தாள், இங்கேயே படித்தாள், இனி தஞ்சோங் மாலிமிலேயே பட்டமும் வாங்குவாள். வெளியூர் எப்போது பார்ப்பது? கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தினமும் போன் வருகிறது. கணக்கியல் டிப்ளோமா, முடித்த கையோடு வேலை என்கிறார்கள். அவள் அப்பா லோரியில் செம்பனைக் குலை ஏற்றிப் போய்ச் சம்பாதித்த காசு. எதில் போடுவது என்று யோசிக்காமல் எப்படி?

குமார்: கலா, தினமும் போன் போட்டு அழைக்கிற கல்லூரியிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இரு. என்னோடு வேலை செய்தவரின் மகன் அப்படித்தான் ஓர் இடத்தில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில் அவன் எடுத்த படிப்பையே நிறுத்திவிட்டார்கள். கடன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கலா: அது சரி அண்ணா. தமிழ் படித்தால் வேலை உண்டா? அதைத்தான் கேட்கிறேன். காயத்திரி, நீ சொல். நீதான் அங்கே இருந்தவள்.

மதியம் 1:25

காயத்திரி: அத்தை, இப்போதுதான் வகுப்பு முடிந்தது. நிதானமாக எழுதுகிறேன், எல்லாரும் படியுங்கள்.

காயத்திரி: நம் ஊரில் பலர் ஐபிஜியையும் உப்சியையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஆசிரியர் கல்விக் கழகமான ஐபிஜி, தொடக்கப்பள்ளிக்கு, அதாவது நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுகிறது. உப்சியில் தமிழ்மொழிக் கல்வி படிப்பவர்கள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். 15 பேர் சேர்ந்துவிடுவார்கள். ஆசிரியர்? நான் நான்காம் படிவத்தில் தமிழ் இலக்கியம் எடுத்தபோது எங்கள் பள்ளியில் ஆள் இல்லை. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்ப் படித்தேன். என்னோடு தொடங்கிய ஆறு பேரில் நான்கு பேர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். பஸ் காசுதான் காரணம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளை, முதலாம் படிவத்துக்குப் போனதும் தமிழை விட்டுவிடுகிற இடம் இதுதான் அத்தை. அந்த இடத்தில் நிற்கப் போகிறவள் தர்ஷினி.

காயத்திரி: இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். பட்டம் வாங்கியதும் வேலை வீட்டுக்கதவைத் தட்டாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத்துக்குப் போக வேண்டும், இடம் காலியாக இருக்க வேண்டும். நான் ஓர் ஆண்டும் இரண்டு மாதமும் காத்திருந்தேன். மாற்று ஆசிரியராகப் போனேன், மாலையில் டியூஷன் எடுத்தேன். அப்புறம்தான் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் போட்டார்கள். வெளியூர் பார்க்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். படிப்பு முடிந்ததும் எந்த மாநிலத்துக்கு வேண்டுமானாலும் அனுப்புவார்கள்.

தர்ஷினி: அக்கா, காத்திருக்க நான் தயார். சனிக்கிழமை பஸ் கதையை நீங்கள் முன்பு சொன்ன அன்றுதான் இந்தப் படிப்பை முதல் விருப்பமாகப் போட்டேன். அம்மாவுக்கும் இது தெரியட்டும்.

கலா: என்னிடம் நீ சொல்லவே இல்லையே.

பிற்பகல் 3:10

கிஷன்: பாட்டி எழுந்துவிட்டார். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுகிறார். குரல் பதிவு அனுப்பப் பார்த்தார், பாதியில் பேச்சு வரவில்லை. அவர் சொன்னதை நானே எழுதுகிறேன்.

கிஷன்: “அப்போது நாங்கள் மாலிமில் ஆற்றோரம் இருந்தோம். தாத்தா இரண்டு மாடு வைத்திருந்தார். விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறந்து, சைக்கிளில் வைத்து, காலேஜ் வாத்தியார்கள் குவார்ட்டர்சுக்குக் கொண்டுபோவார். சில நாள் நானும் கூடப் போவேன். சமையலறைப் பக்கமாகப் போய்க் குவளையில் அளந்து ஊற்றுவோம். நல்ல மனிதர்கள், மாசம் பிறந்தால் கணக்கைச் சரியாகத் தீர்த்துவிடுவார்கள். ஆனால் முன்பக்கத்தில் இருக்கிற பெரிய கட்டடத்தை நான் கிட்டே போய்ப் பார்த்ததே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நமக்கு அங்கே என்ன வேலை என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.”

கிஷன்: “அதற்கும் முன்னால், எனக்கு எட்டோ ஒன்பதோ வயசு இருக்கும்போது, மாலிமில் ஊரடங்கு போட்டார்கள். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் வெளியே விடுவார்கள். அரிசியையும் குறைத்துவிட்டார்கள். அம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பங்கு போட்டுக் கொடுத்தார். தங்கச்சி அழுதுகொண்டே இருந்தது. அந்த ஊரில் என் பேத்தி படிக்கப் போகிறாள்.”

ரவி: அம்மா இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

காயத்திரி: பாட்டி சொல்வது 1952ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நடந்தது சித்தப்பா. அவசரகாலம். தண்ணீர்க் குழாயைச் சரி செய்யப் போனவர்களைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டார்கள். அதற்காக அப்போதைய பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். வரலாற்றுப் பாடத்தில் நான் படித்தது இரண்டு வரிதான். நம் வீட்டுக்குள்ளேயே அதைப் பட்டினியோடு பார்த்தவர் இருக்கிறார் என்று இன்றுதான் தெரிகிறது.

காயத்திரி: பாட்டி சொல்கிற பெரிய கட்டடம் உப்சியின் சுலு புடிமான். மலாக்காவிலும் மாத்தாங்கிலும் இருந்த இரண்டு மலாய் ஆசிரியர் கல்லூரிகளுக்குப் பதிலாக ஒரே கல்லூரியாக இங்கே கட்டினார்கள். 1922 நவம்பர் 29இல் திறந்தார்கள். மலாய்க் கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் இங்கிருந்துதான் போனார்கள். ஸாபா போன்ற மொழி அறிஞர்கள் இங்கே இருந்து நூல் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள். 1997இல்தான் பல்கலைக்கழகம் ஆனது. இப்போது அந்தக் கட்டடம் தேசியப் பாரம்பரியச் சின்னம், உள்ளே கல்வி அருங்காட்சியகம் இருக்கிறது. நான் படித்த நான்கு ஆண்டும் தினமும் அதைக் கடந்து போனேன். ஒரு மொழியை வளர்க்க ஆசிரியரைத்தான் முதலில் உருவாக்க வேண்டும் என்று நூறு ஆண்டுக்கு முன்னால் அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதே இடத்தில் இன்று தமிழுக்கும் ஆசிரியர்களை உருவாக்குகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

மாலை 5:50

செல்வி: இப்போதுதான் கடையை மூடினேன். எல்லாவற்றையும் படித்தேன். கலா அக்கா, பின்வீட்டுப் பல்கலைக்கழகம் என்று சாதாரணமாக நினைக்காதே. என் மூன்று பிள்ளைகளை வளர்த்தது அதுதான்.

செல்வி: 2020 மார்ச் 18, புதன்கிழமை. நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். முதல் நாள் இரவு வழக்கம்போல் நாசி லெமாக்குக்குச் சம்பல் கிண்டி வைத்திருந்தேன், தோசைக்கு மாவு ஆட்டி வைத்திருந்தேன். காலையில் ரோட்டில் ஆளே இல்லை. ஒரு வாரத்தில் திறப்பார்கள் என்று நினைத்தேன். மாணவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், பாடமெல்லாம் போனிலும் கணினியிலும் என்றார்கள். மாதக்கணக்கில் மாலிம் காலியாகவே கிடந்தது. போட்டோகாப்பிக் கடைக்காரர் இயந்திரத்தை விற்றுவிட்டார். பக்கத்தில் காசு போட்டுத் துணி துவைக்கிற கடை பூட்டிக் கிடந்தது. பட்டமளிப்பு விழாவுக்குப் பூச்செண்டு கட்டி விற்கிற பெண், தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போனாள். நான் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்றேன். வாங்க யார் இருந்தார்கள்? பாதியை நீங்கள்தான் வாங்கினீர்கள்.

செல்வி: மறுபடி பிள்ளைகள் திரும்பி வந்த முதல் காலையில், ஒரு கிளந்தான் பையன் “மக்சிக், நாசி லெமாக் ஆடா?” (அத்தை, நாசி லெமாக் இருக்கிறதா?) என்று கேட்டு நின்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்றும் செமஸ்டர் விடுமுறை என்றால் வியாபாரம் பாதிக்கும் கீழே போகிறது. அந்த வளாகம் மூச்சு விட்டால்தான் ஊரும் மூச்சு விடுகிறது அக்கா.

ரவி: உண்மை. புரோட்டோன் தொழிற்சாலை வந்தபோது ஊரே மாறும் என்றார்கள். 2004இல் ஜென்-2 கார் இங்கிருந்துதான் வெளிவந்தது. எனக்கு உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அதனால்தான். ஆனால் கார் விற்பனை மந்தமானால் எங்களுக்கு ஓவர்டைம் இருக்காது. அந்த மாதங்களில் கடைவீதியைத் தாங்கியது மாணவர்கள்தான். சுல்தான் அஸ்லான் ஷா வளாகம் புரோட்டோன் சிட்டியில் வந்தபிறகு பேராங் பக்கமும் வெளிச்சம் வந்தது. பேராங் ஸ்டேஷனில் பொலிடெக்னிக்கும் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னால் இரவு எட்டு மணிக்கு மேல் அந்த ரோட்டில் செம்பனையும் இருட்டும்தான்.

குமார்: எனக்கும் அப்படித்தான். வாங்கிய டெராஸ் வீட்டின் மாதத் தவணையைக் கட்டுவது மாணவர்கள் தரும் வாடகை. அதை வைத்துத்தான் காயத்திரியைப் படிக்க வைத்தேன்.

காயத்திரி: அப்பா, இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி ஆண்டில் விடுதி கிடைக்காமல் நானும் வாடகை வீட்டில் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்று அறையில் ஒன்பது பேர். வெளியேறும்போது சுவரில் ஆணி அடித்தோம் என்று சொல்லி வீட்டுக்காரர் முன்பணத்தைத் தரவே இல்லை. நாங்கள் அடிக்காத ஆணி.

செல்வி: அதோடு இன்னொன்று அண்ணா. அறைக்கு மூன்று பேர் என்று கணக்குப் போட்டு வாடகை ஏற்றுவதால், தோட்டத்திலிருந்து வெளியே வந்த நம் குடும்பங்களுக்கு டவுனில் வீடு கிடைப்பதில்லை. என் கடையில் பாத்திரம் கழுவும் சாந்தி நான்கு மாதமாக வீடு தேடுகிறாள். நல்லது நடக்கிற ஊரில் இதுவும் நடக்கிறது.

குமார்: நியாயம்தான். என் வீட்டில் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் வைப்பதில்லை, முன்பணத்தையும் பிடித்ததில்லை. ஆனால் போன ஆண்டு ஐம்பது வெள்ளி ஏற்றினேன், அதை மறுக்க மாட்டேன். சாந்தியை என்னிடம் பேசச் சொல். பின்பக்கத்துச் சின்ன வீடு அடுத்த மாதம் காலியாகிறது. அதைக் குடும்பத்துக்கே கொடுக்கிறேன்.

செல்வி: நாளைக்கே சொல்கிறேன் அண்ணா. நன்றி.

இரவு 8:30

கலா: அவர் வேலை முடிந்து வந்தார். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பாட்டி சொன்னதைப் படிக்கும்போது எழுந்து வெளியே போய் நின்றார். அப்புறம் வந்து, “ஈபிஎஃப் சேமநிதியிலிருந்து படிப்புக்கு எடுக்கலாமாமே, விசாரி” என்றார்.

காயத்திரி: எடுக்கலாம் அத்தை. பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். சேர்க்கைக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பிடிபிடிஎன் என்கிற அரசுக் கல்விக் கடனுக்கும் தர்ஷினி விண்ணப்பிக்கட்டும், ஆனால் அந்தப் பணம் கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும். பதிவு நாளுக்கும் முதல் மாதச் செலவுக்கும் கையில் காசு வேண்டும். அதில் பாதி என் பொறுப்பு. வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது.

கலா: வீட்டிலிருந்தே போய் வரட்டுமா? ரவியின் பழைய மோட்டார் இருக்கிறதே. இருபது நிமிடம்தான்.

காயத்திரி: முதல் ஆண்டு விடுதியில் இருக்கட்டும் அத்தை. வெளியூர் பார்க்க வேண்டும் என்றீர்களே. சபா, சரவாக், கிளந்தான் பிள்ளைகளோடு ஒரே மாடியில் இருப்பாள். என் அறைத்தோழி கெனிங்காவ்விலிருந்து வந்த கடசான் பெண். இன்றுவரை தீபாவளிக்கு அவள் அழைப்புதான் முதலில் வரும். வகுப்பு முடிந்து இரவில் மோட்டாரில் வருவதைவிட அது பாதுகாப்பும்கூட.

தர்ஷினி: அம்மா, வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்துவிடுவேன். கிஷனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

கலா: சரி. விடுதியிலேயே இரு. ஏற்கிறேன் என்று அழுத்திவிடு.

தர்ஷினி: இவ்வளவு நேரம் திறந்தே வைத்திருந்தேன் அம்மா. அழுத்திவிட்டேன்.

ரவி: அம்மாவிடம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி எடுத்து வருகிறேன். மாலிம் போவோம். சுலு புடிமான் கட்டடத்துக்கு நேர் எதிரே நிறுத்துகிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

கிஷன்: பாட்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.

ரவி: எட்டு மணி.

செல்வி: முதலில் கடைக்கு வந்து தோசை சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கிஷன், பாட்டியின் மாத்திரைப் பையை மறந்துவிடாதே.