ட்ரில்லில் மாட்டும் உருளையால் ஸ்கீக்கு மெழுகு போடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஒஸ்லோவில் இருக்கிறேன். வரும் மார்ச் மாதம் பிர்க்கபைனர் என்ற நீண்டதூர ஸ்கீ போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் (ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர், முதுகில் 3.5 கிலோ பை வேறு), அதனால் இந்த முறை மெழுகை நானே போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். இஸ்திரிப்பெட்டி வைத்து உருக்கினால் வீடெல்லாம் வாடை என்று மனைவி நிலவறைக்குத் துரத்திவிட்டார், சரி என்று ட்ரில்லில் மாட்டும் கம்பளி உருளை ஒன்றும் நைலான் பிரஷ் ஒன்றும் வாங்கினேன்.

ஸ்கீயின் அடியில் உதைக்கும் நடுப்பகுதியை (பனியைப் பிடித்து உந்தும் இடம்) டேப் ஒட்டி விட்டுவிட்டு, மீதி இடத்தில் மெழுகுக் கட்டியை கிரேயான் மாதிரி தேய்த்து, உருளையை முனையிலிருந்து வால் பக்கமாக ஓட்டினேன். உராய்வுச் சூட்டில் உருகிப் பரவ வேண்டும் அல்லவா? முன்பாதி கண்ணாடி போல வந்தது, பின்பாதி மட்டும் எண்ணெய் சரியாகப் படாத தோசைக்கல் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது.

வேகம் போதவில்லையா, அழுத்தம் கூடிவிட்டதா? ஒரே இடத்தில் நிறுத்தினால் அடிப்பக்கம் கருகுமோ என்று பயந்து வேகமாக இழுத்ததும் காரணமாக இருக்கலாம். நைலானுக்கு முன் குதிரைமுடி பிரஷ் அவசியமா? அப்புறம் தூள் முழுக்க என் முகத்துக்கே வருகிறது, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டிருக்கிறேன், ஆனாலும் ட்ரில்லை எந்தப் பக்கம் சுழல விட வேண்டும்?

நண்பர் பழைய ஃப்ளோரின் மெழுகு ஒன்று தந்தார். சர்வதேசப் போட்டிகளில் 2023-24 பருவத்திலிருந்து அதற்குத் தடை, அதைத் தொடப்போவதில்லை, தயவுசெய்து அதைப் பரிந்துரைக்காதீர்கள்.