ரிசப்ஷனுக்கு மரத்தில் ஸ்வீட்ஹார்ட் டேபிள்: உட்கார்ந்து பார்த்து எடுங்கள்

தங்கையின் ரிசப்ஷனுக்கு மணமக்கள் இருவர் மட்டும் உட்காரும் ஸ்வீட்ஹார்ட் டேபிள் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மரம் மரமாகவே தெரியவேண்டும், தரை வரை துணி போட்டு மூடக்கூடாது. எனக்கும் அதே கருத்து. மூடத்தான் போகிறோம் என்றால் சாதாரண மடக்கு மேஜையே போதுமே, கனமான மரத்தை எதற்கு நாலு பேர் தூக்கிக்கொண்டு வரவேண்டும்?

படங்களில் பிடித்ததை எல்லாம் குறித்துக்கொண்டு போனோம், நேரில் பார்த்ததும் பாதி அடிபட்டுப் போனது. நான்கடி மேஜை என்றால் ஆளுக்கு இரண்டடி, உடம்போடு ஒட்டி நிற்கும் உடைக்கு அது தாராளம். இவளுடையதோ உள்ளே வலைத்துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த கவுன். கவுனை வெளியே எடுத்துப் போக மனமில்லை, அதனால் உள்பாவாடையை மட்டும் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தோம். நான்கடியில் பாவாடை அவர் மடிமேல் ஏறி நின்றது. ஐந்தடிக்கு மாறியதும் இருவரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

நீளத்தை விட முக்கியமானது பலகைக்குக் கீழே ஓடும் சட்டம். இதை யாரும் சொல்வதே இல்லை. மேஜை உயரம் வழக்கமாக 30 அங்குலம், நாற்காலியின் இருக்கை 18 அங்குலம், நடுவில் 12 அங்குலம் இருக்கிறதே என்று தோன்றும். பலகையின் கனம் ஒன்றரை அங்குலம், சட்டம் நான்கு அங்குலம் என்றால் தொடைக்கு மிஞ்சுவது ஆறரைதான், அதற்குள் கவுனும் அடங்கவேண்டும். கை வைத்த நாற்காலி என்றால் அதன் கையே சட்டத்தில் இடித்து உள்ளே போகாது, மணப்பெண் தட்டுக்கு எட்டாமல் முன்னால் குனிந்து குனிந்து சாப்பிடவேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் பெருக்கல் குறி போட்ட மாதிரி கால் வைத்த மேஜையும் அப்படித்தான், படத்தில் அள்ளும், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். நாங்கள் எடுத்தது மூலைகளில் நேரான கால், மெல்லிய சட்டம், இரண்டரை அடி அகலம்.

அந்த அகலத்தில் பின்பாதி தட்டுக்கும் கண்ணாடி டம்ளருக்கும் போய்விடும், அலங்காரத்துக்குக் கிடைப்பது முன்னால் உள்ள ஓரடிதான். அதையும் நிரப்பவில்லை. ஒரு மூலையில் இலைகளும் வெள்ளைப் பூக்களும் தொடங்கி முன்பக்கமாகத் தரையை நோக்கி வழிந்தன, மெல்லிய துணி ஒன்று குறுக்காகத் தொங்கியது, மற்றபடி பலகை வெறுமையாகவே இருந்தது. மரத்தின் வரிகள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன! அதற்கு மேல் எதையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

* * *

நான் கல்யாணப் புகைப்படக்காரன், கேமராப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பூவின் உயரம்தான் முதல் விஷயம். மேஜைக்கு முன்னால் நின்று எடுக்கும்போது நடுவில் ஓரடி உயரப் பூச்சாடி இருந்தால் அது நேராகக் கழுத்தையும் தாடையையும் மறைக்கும், பூவுக்குப் பின்னால் இரண்டு நெற்றிகள்தான் கிடைக்கும். நடுவில் தாழ்வாக வையுங்கள், உயரம் வேண்டும் என்றால் இரண்டு ஓரங்களிலும் வையுங்கள். மெழுகுவர்த்தியும் முகத்துக்கு நேராக வேண்டாம்.

அப்புறம் பளபளப்பு. வார்னிஷ் மினுங்கும் மேஜையில் ஃபிளாஷ் பட்டால் வெள்ளையாக ஒரு திட்டு விழும், மரத்தின் வரியே தெரியாது. மங்கலான பூச்சு எடுங்கள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் பைன் மரம் ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள், வெளியே வெயிலில் பார்த்த நிறத்தை நம்பி பூவின் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். பின்னாலும் பழுப்பு மரத்தில் தட்டி வைத்து முன்னாலும் அதே பழுப்பில் மேஜை வைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

துணி மூடாத மேஜையில் கீழே இருப்பது எல்லாம் படத்தில் விழும். கழற்றிப் போட்ட செருப்பு, கைப்பை, தண்ணீர் பாட்டில், சார்ஜர் ஒயர், எல்லாமே. முன்பக்கத் தரையில் தாழ்வாகப் பூவோ இலையோ வரிசையாக வைத்தால் கால்கள் மறையும், மேஜையின் மரமும் மறையாது. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான்.

* * *

நான் தச்சு வேலை செய்கிறேன், வாடகைக்குப் போகும் மேஜைகளைப் பழுதுபார்த்தும் கொடுக்கிறேன். முதல் பதிவில் அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி, அளவு கேட்டு வருபவர்கள்கூட அதைக் கேட்பதில்லை.

பழைய பலகையில் செய்த மேஜை என்றால் சிராய் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கையால் தடவினால் பாதிதான் தெரியும், பழைய நைலான் ஸ்டாக்கிங்கைக் கையில் மாட்டிக்கொண்டு விளிம்பு, கால், சட்டத்தின் அடிப்பக்கம் எல்லாம் தடவினால் இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே உப்புத்தாள் போடவேண்டும். பட்டும் வலைத்துணியும் பெரும்பாலும் சிக்குவது மேலே இல்லை, அடிப்பக்கத்தில். புதிதாக எண்ணெய் பூசிய மேஜை வேண்டாம். ஆளி விதை எண்ணெய் நன்றாகக் காயாமல் இருந்தால் கையில் ஒட்டும், வெள்ளை உடையில் கறை ஏறும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓக் மேஜை எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், ஈரமும் இரும்பும் சேர்ந்து பட்டால் நீலம் கலந்த கருப்பாகக் கறை பிடிக்கும், துடைத்தால் போகாது. நனைந்த பூவை இரும்புக் கம்பிச் சட்டத்தில் குத்தி நேராகப் பலகை மேல் வைத்துவிட்டு, மறுநாள் எடுக்கும்போது அதே வடிவத்தில் கருப்புத் தடம் கிடந்த மேஜைகள் என்னிடம் வந்திருக்கின்றன. அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தால் போதும். மெல்லிய துணியை நிறுத்த ஒட்டு நாடாவும் போடவேண்டாம், பிரிக்கும்போது பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். பலகைக்கு அடியில் நரம்பு நூலால் கட்டுங்கள், வெளியே தெரியாது.

புல்தரையில் வைப்பதாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் கீழே உள்ளங்கை அளவு பிளைவுட் துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கால் மட்டும் இறங்கும், சாப்பாடு முடிவதற்குள் டம்ளர் சரியத் தொடங்கும்.

* * *

நாங்கள் அரைவட்ட மேஜை எடுத்தோம், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேர்ப்பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்தோம், வளைவு விருந்தினர் பக்கம். இடம் குறைவாக இருந்த அரங்கத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது, வாழ்த்த வந்தவர்கள் மூலையில் இடித்துக்கொள்ளாமல் சுற்றி வந்தார்கள். வளைவில் துணியை நீளமாகத் தொங்கவிட்டால் சுருங்கி ஒழுங்கில்லாமல் விழுகிறது, இலை மாலையை விளிம்போடு சேர்த்து ஓட்டினால் சரியாக உட்காருகிறது. நாற்காலிகள் இரண்டையும் லேசாக உள்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவு கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் கழுத்தைத் திருப்பாமல் பேசிக்கொள்ள முடிந்தது அதனால்தான்.