கணினி அடிக்கடி உறைகிறது, ரவுட்டரில் எதை மாற்றுவது?

இரண்டு வாரமாக ஒரே தலைவலி. விண்டோஸ் 10 ஓடும் மேசைக் கணினி. எந்தக் கோப்பைத் திறக்கப் போனாலும் அப்படியே நின்றுவிடும், மவுஸ் மட்டும் நகரும், அரை நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். வைரஸ் ஸ்கேன் ஓட்டியாச்சு, ராமைக் கழற்றித் துடைத்து மாட்டியாச்சு, தெரிந்தவர் ஒருவர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றே தீர்ப்பு சொல்லிவிட்டார். (நல்லவேளை, வாங்கவில்லை.)

நேற்று தற்செயலாக லேன் கேபிளைப் பிடுங்கினேன், பிரச்சினையே இல்லை! அப்புறம்தான் புரிந்தது: பழைய லேப்டாப்பில் இருக்கும் போட்டோ ஃபோல்டரை 192.168.1.5 என்ற ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் அந்த லேப்டாப்பின் எண்) வைத்து இந்தக் கணினியில் இசட் டிரைவாக, அதன் சொந்த டிரைவ் போலத் தெரியும்படி, மாட்டியிருந்தேன். கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் லேப்டாப்புக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது, இந்தக் கணினி இன்னும் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டு நிற்கிறது. இசட் டிரைவை எடுத்துவிட்டால் சரியாக ஓடுகிறது, ஆனால் அது எனக்கு வேண்டும்.

லேப்டாப்பிலேயே நிலையான ஐபி போடலாமா, இல்லை ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் வசதி) பக்கத்தில் அந்த முகவரியை அதற்கென ஒதுக்குவது நல்லதா? லேப்டாப்பிலேயே போட்டால், ரவுட்டர் அதே எண்ணை வீட்டில் வேறு போனுக்குக் கொடுத்து மோதல் வராதா? லேப்டாப்பை அணைத்து வைத்திருக்கும்போதும் இப்படித்தான் உறையுமா? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.