புதுப்பிப்பு: இரவு பரோட்டாவை விட்டோமா?

இரண்டு மாதம் முன்னால் இங்கே புலம்பியிருந்தேன். இருவருக்கும் வேலை முடிய எட்டாகிவிடும், வாரத்தில் ஐந்து ராத்திரி பரோட்டா பார்சல், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். சிறுதானியம் சமையுங்கள், சேர்ந்து நடங்கள் என்றீர்கள். சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

சாமை முதல் நாளே கஞ்சியானது. அரிசிக்கு வைக்கிற மாதிரி குக்கரில் மூன்று விசில் விட்டது என் தப்பு. இப்போது அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், மூடி போட்டுச் சிறு தீயில் வேகவிடுகிறேன். உதிரியாக வருகிறது. ஆனால் சாமையிலும் மாவுச்சத்துதான் அதிகம். "சிறுதானியம்தானே" என்று இவர் மூன்று தட்டு சாப்பிட்டதில் எடை இறங்கவே இல்லை! அதனால் தட்டில் பாதி காய் என்று மாற்றினோம்.

ஞாயிறு காலை மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறோம். 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் தொடங்கிய சந்தை அது. சீக்கிரம் போனால்தான் நல்ல கீரை கிடைக்கும். பேரம் பேசுவது இவர், பை தூக்குவது நான். ஏன் இப்படி ஆனது என்று தெரியவில்லை.

சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். முதலில் ஒன்று, இப்போது மூன்று சுற்று. ஃபோனை வீட்டிலேயே வைத்துவிடுகிறோம், அதனால் பேச்சு வருகிறது, சண்டையும் வருகிறது.

பரோட்டா? சனிக்கிழமை மட்டும். ஜிகர்தண்டாவைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.