புதுப்பிப்பு: அரசு ஆய்வில் பிறந்த ரகத்துக்கு விலை வைப்பது எப்படி?

அரசுப் பணத்தில் உருவான பயிர் ரகங்களின் விதையைப் பெருக்கி விற்கும் நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வாங்குவது சரியா என்று இந்த இழையின் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களில் பலர் உழவருக்குச் சுமை கூடும் என்று அஞ்சினார்கள். பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001இன் 39ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவரை அனுமதிப்பதால், கட்டணம் நேரடியாக விதை நிறுவனத்தின் மீதே விழுகிறது; அந்நிறுவனம் அதை விதை விலையில் ஏற்றாது என்று மட்டும் சொல்ல முடியாது.

மதிப்பிடுவதுதான் உண்மையான சிக்கல். ஆய்வுச் செலவை அடிப்படையாகக் கொண்டால், நல்ல செடிகளைப் பல ஆண்டுகள் தேர்ந்தெடுக்கும்போது வேண்டாமென்று கழிக்கப்பட்ட எண்ணற்ற வழித்தோன்றல் செடிகளின் செலவை எந்த ரகத்தின் தலையில் கட்டுவது? எதிர்கால வருமானத்தைக் கொண்டு மதிப்பிட்டால், ஏற்றுமதியாகும் பூசா பாஸ்மதி 1121 என்ற நெல் ரகம் உச்சத்தில் நிற்கும். மானாவாரி நிலத்துச் சாமை ரகமோ ஏறத்தாழ மதிப்பற்றதாகத் தெரியும்.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2006இல் அறிவுசார் சொத்துக்கான வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்தியது. அதன் ஆய்வில் உருவானவற்றை வணிகமயமாக்கவென அக்ரின்னோவேட் இந்தியா என்ற அரசு நிறுவனம் 2011இல் வந்தது. விதை பரவலாகச் சேர வேண்டுமென்றால், ஒரே நிறுவனத்துக்கு முழு உரிமை கொடுக்காமல் பலருக்கும் உரிமம் தருவதே பொருத்தம் என்பது என் கருத்து. வீரிய ஒட்டு ரகங்களை உருவாக்கக் கலப்பு செய்யப்படும் பெற்றோர் வரிசைகளைப் பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும்.