8 வாட் வால்வ் ஆம்ப், 84 டெசிபல் ஸ்பீக்கர்: எதை மாற்றுவது?

வால்வ்_300பி
ஆம்ப் ஒற்றை 300பி வால்வ், சேனலுக்கு 8 வாட். ஸ்பீக்கர் போர்ட் (காற்றுத் துளை) வைத்த 15 லிட்டர் பெட்டி, 84 டெசிபல் (1 வாட்டுக்கு 1 மீட்டரில் வரும் சத்தம்), 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். உட்காரும் தூரம் 3 மீட்டர். குரல் அருமை, டிரம் ஓங்கி விழும் இடங்களில் ஒலி நசுங்குகிறது. இதே அளவுப் பெட்டியில் 94 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் தீருமா?

காந்தமும்_கோனும்
முதலில் கணக்கு. 3 மீட்டரில் சுமார் 9.5 டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து 3 கூடும். ஆக 1 வாட்டுக்கு உங்கள் காதில் 77.5. சராசரி 75 வைத்துக் கேட்டால் உச்சங்கள் 95-ஐத் தொடும். அதற்கு 56 வாட் வேண்டும். 8 வாட் 86.5-லேயே கிளிப் ஆகிவிடும், அதாவது உச்சங்கள் வெட்டுப்படும். 94 டெசிபல் ஸ்பீக்கருக்கு 5.6 வாட் போதும்.

ஆனால் அதே பெட்டியில் அதே பேஸ் வராது. ஹாஃப்மனின் இரும்பு விதி: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக எஃபிஷியன்சி (அதே வாட்டில் கூடுதல் சத்தம்), மூன்றில் இரண்டுதான். எஃபிஷியன்சி பெட்டியின் கொள்ளளவுக்கு நேர்விகிதம். கீழ் எல்லை அதிர்வெண்ணின் மும்மடிக்கும் (f × f × f) நேர்விகிதம். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. எனவே 40 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 150 லிட்டர் பெட்டி. 15 லிட்டரே போதும் என்றால் பேஸ் 86 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சின்னப் பெட்டியில் 94, 40 ஹெர்ட்ஸ் இரண்டையும் போட்டிருக்கும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

ஓம்_கணக்கு
அந்த 94 எப்படி அளந்தது என்று பாருங்கள். 2.83 வோல்ட் 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு "2.83 வோல்ட்டில் 94" என்றால் உண்மையில் 91தான்.

அதைவிட முக்கியம் இம்பீடன்ஸ் வளைவு, அதாவது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஸ்பீக்கரின் ஓம் மாறும் விதம். ஃபீட்பேக் இல்லாத 300பி ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 2.5 ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கர் 4-க்கும் 20 ஓமுக்கும் இடையே ஆடினால் டோன் 3 டெசிபலுக்கு மேல் மாறிவிடும். வளைவு சமமாக உள்ளதைத் தேடுங்கள்.

ஹம்மும் (ஆம்பிலிருந்து வரும் 'ம்ம்' இரைச்சல்) 10 டெசிபல் ஏறும். அவுட்புட்டில் 3 மில்லிவோல்ட் ஹம் இருந்தால் 1 மீட்டரில் இப்போது 24.5 டெசிபல், 94-க்குப் போனால் 34.5. அமைதியான அறையில் அது கேட்கும்.

வால்வ்_300பி
150 லிட்டருக்கு இடமே இல்லை. 86 ஹெர்ட்ஸில் நிற்பதை வாங்கி, ஆம்ப் உள்ளேயே இருக்கும் சப்வூஃபர் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) சேர்த்தால்? வால்யூம் ப்ரீஆம்பில் (ஆம்புக்கு முன்னால் வரும் கருவி) இருக்கிறது.

காந்தமும்_கோனும்
உங்களுக்கு அதுதான் சரியான வழி. ப்ரீஆம்ப் அவுட்புட்டை இரண்டாகப் பிரியுங்கள்: ஒன்று நேராக சப்புக்கு, மற்றது ஒரு ஃபிலிம் கபாசிடர் வழியாக வால்வ் ஆம்புக்கு. ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் 100 கிலோ ஓம் என்றால் 0.022 மைக்ரோஃபாரட், 47 கிலோ ஓம் என்றால் 0.047. இரண்டிலும் வெட்டு 72 ஹெர்ட்ஸ், அதாவது அதற்குக் கீழே உள்ள பேஸ் வால்வ் ஆம்புக்குக் குறைந்துகொண்டே போகும். கபாசிடருக்குப் பிறகு சப்புக்கு எடுத்தால் பேஸ் வெட்டுப்பட்ட சிக்னல் போகும். சப்பின் இன்புட்டும் இணையாகச் சேர்வதால் வெட்டு மேலே ஏறும்.

சப்பின் லோ-பாஸை (கீழ் ஒலிகளை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்து, உட்காரும் இடத்தில் எதில் சத்தம் கூடுதலோ அதில் விடுங்கள். லெவலை அதற்குப் பிறகு தொடுங்கள்.